இயந்திரம் இல்லாத எக்ஸ்ரே

"மெஷினே இல்லாம எக்ஸ்ரே எடுக்கறாராம்!"

அவ்வளவுதான். கடைத்தெரு மாடிப்படி தாங்காத கூட்டம். மேலே பல்லொளியார் வீற்றிருந்தார். அந்தப் பட்டம் அவரே அவருக்குச் சூட்டிக்கொண்டது. கைப்பேசியில் முகத்தைப் படம் பிடிப்பார், கணினியைத் தட்டுவார், பல்லும் வேருமாக எக்ஸ்ரே திரையில் வந்து நிற்கும். "செயற்கை நுண்ணறிவு" என்பார். செயற்கை என்று அந்த மனிதரே சொல்கிறார். யாருக்காவது உறைக்க வேண்டுமே!

அதைப் பார்த்துப் பலனும் சொல்வார். வேர் வளைந்திருந்தால் வீட்டில் சண்டை. நீண்டிருந்தால் வெளிநாட்டு வேலை. கரும்புள்ளி தெரிந்தால் பிடுங்கவேண்டும். பிடுங்குவதும் அவரே.

அன்று தையல்கார அக்கா உட்கார்ந்தார். அவர் கடையில் சில மாதங்களாக ஈ ஓட்டும் வேலைதான்.

"முன்பல்லுல புள்ளி இருக்கு பாரும்மா. வர்ற வாடிக்கையெல்லாம் அதுதான் தின்னுது. இப்பவே எடுத்துடலாம்."

"வலியே இல்லீங்களே ஐயா?"

"விதி எங்கம்மா வலிக்கும்?"

கூட்டம் சொக்கிப் போனது. அக்கா கண்ணை மூடி வாயைத் திறந்தார். குறடு நெருங்கியது.

"கொஞ்சம் இருங்க" என்றார் துணைக்கு வந்திருந்த அக்காவின் சித்தப்பா. பேருந்து ஓட்டுபவர். "முன்பல்லு போனா இவ நூலை எதால கடிப்பா? முதல்ல எனக்கு ஒரு படம் எடுங்க, பாப்போம்."

எடுத்தார். படம் வந்தது.

"அடடா, முப்பத்திரண்டும் முத்து! ஆனா கடைவாய் வேர் முறுக்கிக்கிட்டு நிக்குது. வீட்டம்மா உங்க பேச்சைக் கேக்க மாட்டாங்களே?"

"எந்த வீட்டுலங்க கேக்கறாங்க? பிடுங்கணுமா?"

"கட்டாயம்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

சித்தப்பா வாய்க்குள் விரலை விட்டார். மேல் பல் செட்டைக் கழற்றினார். கீழ் செட்டைக் கழற்றினார். இரண்டையும் கணினிமேல் வைத்தார். பிறகு அவர் பேசியதில் பாதி காற்று. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது.

"வேர் எங்கங்க?"

பல்லொளியார் திரையைப் பார்த்தார். பல் செட்டைப் பார்த்தார். "இது... போன ஜென்மத்துப் பல்லு."

அக்கா குறடைப் பிடுங்கிக்கொண்டார். "அப்ப அதைப் போன ஜென்மத்துலயே பிடுங்கியிருக்கலாமே, ஏன்யா இப்ப வந்த?"

ஊர் உலகத்துப் பல்படங்களைப் பார்த்துப் பழகிய கணினி, யார் முகத்தைக் காட்டினாலும் தோதாக ஒரு வாயை வரைந்து கொடுத்திருக்கிறது. யாருடைய வாய்க்குள்ளும் அது எட்டிப் பார்க்கவே இல்லை. அந்தப் படத்தை வைத்துப் பொய் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டார், வந்தார். நம்புவதற்குப் பலர் தேவைப்பட்டோம், வரிசையில் நின்றோம்.

ஏற்கெனவே பல்லைப் பறிகொடுத்தவர்கள் பொக்கைவாயோடு கத்த, பல்லொளியார் பின்படி வழியாக இறங்கி ஓடினார். கூட்டம் முனகிக்கொண்டே கலைந்தது.

"பக்கத்து ஊர்ல காதைப் படமெடுத்துப் பலன் சொல்றவர் இருக்காராமே, போவோமா?" என்றார் ஒருவர்.

வாயைத் திறக்கச் சொன்னால் உடனே திறக்கிறோம். மூளையைத் திறக்கச் சொன்னால்தான், வலிக்குமோ என்று பயம்!