மரியாதை தெரிந்த பேய்

பேய் பேச ஆரம்பித்ததும் மதன்குமார் மறுபடியும் சிரித்துவிட்டான்.

"ஏனுங்க, அதுக்குள்ள எந்திரிச்சா எப்படீங்க? இன்னும் முடியலீங்க" என்பதுதான் அவன் வாசிக்கவேண்டிய வசனம். பாதியிலேயே மைக்கை விட்டு விலகிக்கொண்டான்.

புவனா ரெக்கார்டிங்கை நிறுத்தினாள். கோவையில் ஒலிப்புத்தகம் தயாரிக்கும் சின்ன நிறுவனம் அவளுடையது. எழுத்தாளர் ஈஸ்வரமூர்த்தியின் முதல் சிறுகதைத் தொகுப்பை ஒலிப்புத்தகமாக்கும் வாய்ப்பைப் போராடி வாங்கியிருந்தாள். பள்ளிக்கூட நாளில் அதைப் படித்துவிட்டுப் போர்வைக்குள் நடுங்கியவள் அவள். உருவமே காட்டாமல், கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் கொடுக்கும் பேய். அதற்கப்புறம் பேய்க்கதை எழுத வந்த அத்தனை பேரும் தங்கள் பேய்களைக் கதவுக்குப் பின்னால்தான் நிறுத்தினார்கள். இன்று மாலைக்குள் கேட்பவரை நடுங்கவைக்கும் மாதிரிப் பதிவு ஒன்றை அனுப்பாவிட்டால், பதிப்பகம் வேலையைச் சென்னைக்குக் கொடுத்துவிடும்.

"படிக்கறப்ப பயமாத்தானுங்க்கா இருந்துச்சு. வாய்விட்டுச் சொன்னா கஸ்டமர் கேர்ல பேசற மாதிரி இருக்குது."

"அந்த 'ங்க'வையெல்லாம் எடுத்துப்போடு கண்ணு."

எடுத்தான். "ஏய், அதுக்குள்ள எந்திரிச்சா எப்படி? இன்னும் முடியல." டிரில் மாஸ்டர் தண்டால் எடுக்கச் சொல்வது போலிருந்தது.

புவனா கொலுசுச் சத்தம் சேர்த்தாள். நகைக்கடை விளம்பரமாகிவிட்டது. நாய் ஊளையைச் சேர்த்து ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தாள். தெருநாய்கள் எல்லாம் பதில் சொல்ல, பக்கத்து டியூஷன் சென்டர்காரர் சண்டைக்கு வந்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் எழுத்தாளருக்கே போன் போட்டு, பேயின் பேச்சைக் கொஞ்சம் மாற்றலாமா என்று கேட்டாள். அதுதான் பெரிய தப்பு. மனிதர் தாராபுரத்திலிருந்து காரை எடுத்துக்கொண்டு, மனைவி தெய்வாத்தாளோடு மதியமே வந்து இறங்கிவிட்டார்.

"எங்கூர்ப் பேயி மட்டும் மரியாதை தெரியாததுங்களா அம்மணி? ஒரு எழுத்து மாத்தக் கூடாதுங்க. நானே படிச்சுப்போடறேன்."

வயதான குரல், இருமல் வேறு. எல்லாம் முடிந்தது என்று புவனா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

அவர் பேயின் வசனத்துக்கு வந்தார். குரல் நடுங்கியது. ஏசி அறையிலும் நெற்றி வேர்த்தது. "இன்னும் முடியலீங்க" என்றபோது அவர் கை தானாக வயிற்றைப் பொத்திக்கொண்டது. புவனாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மதன்குமார் சிரிக்கவில்லை, நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்திக்கொண்டான்.

மாதிரிப் பதிவை உடனே அனுப்பினாள். சிறிது நேரத்தில் பதிப்பகத்திலிருந்து போன்: கேட்டவர்கள் ஆடிப்போய்விட்டார்களாம், வேலை அவளுக்குத்தானாம். சந்தோஷம் தாங்காமல் வெளியே ஓடிவந்து தெய்வாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்கம்மா, இத்தன வருசங்கழிச்சும் இப்படி நடுங்கறாரே, ஐயா அந்தப் பேயை நேர்லயே பார்த்திருக்காருங்களா?"

"பேயில்லீங் கண்ணு, அது எங்கம்மா. கல்யாணம் முடிஞ்சு மொத விருந்துல, மாப்பிள்ளை முன்னால வரக்கூடாதுன்னு கதவுக்குப் பின்னால நின்னுட்டு, அவரு எந்திரிக்கப் பார்த்தப்பெல்லாம் எலையில இன்னும் ரெண்டு ஒப்புட்டு வெக்கச் சொல்லிட்டிருந்தாங்க."