ஏசிக்குக் கீழே ஒரு நாற்காலி

மெழுகக்கா உள்ளே நுழைந்தபோது அவளுடைய நாற்காலியில் பாலிஷ்காரர் உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. ஏசிக்கு நேராக முகத்தைத் தூக்கிக்கொண்டு, கண்ணை மூடி, ஏதோ வரம் வாங்குகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அது என் இடம்."

"பேர் எழுதி ஒட்டியிருக்கா?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருஷமாக அந்த இடத்தில் வேலை பார்க்கிறாள். அது பல் செட் செய்யும் கூடம். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் மெழுகு வைத்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு வரிசை பிடிப்பது அவள் வேலை. அதனால்தான் அவள் சொந்தப் பேர் எல்லோருக்கும் மறந்துபோய் மெழுகக்கா ஆகிவிட்டாள். செய்து முடித்த செட்டை ராவி, தேய்த்து, பளபளப்பாக்குவது பாலிஷ்காரர் வேலை. ஆறு பேர் வேலை செய்யும் அந்தக் கூடத்துக்கு இருப்பதே ஒரு ஏசிதான். அதற்கு நேர் கீழே ஒரே ஒரு நாற்காலிதான்.

மற்றவர்களுக்கு ஏசி சொகுசு. அவளுக்கு அப்படியில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு டாக்டர், மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்று ஒரு பேரைச் சொன்னார். வயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிற மாதிரி நரம்புக்கும் உறை இருக்கிறதாம். உடம்பே அதை அங்கங்கே அரித்துவிடுகிறதாம். சூடு ஏறினால் போதும், அவளுக்குக் கண் மங்கும், விரல் மரத்துப்போகும், கால் சொன்ன பேச்சைக் கேட்காது. குளிர்ந்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.

கூடத்தில் ஒருவருக்கும் இதை அவள் சொல்லவில்லை. கை மரத்துப்போகிறது என்று தெரிந்தால் முதலாளி திட்டவெல்லாம் மாட்டார். "வீட்ல நல்லா ரெஸ்ட் எடும்மா" என்று அன்பாகச் சொல்லி ஒரேயடியாக அனுப்பிவிடுவார். அந்த அன்புக்குத்தான் அவள் பயந்தாள். பல் நடுவதைத் தவிர வேறு வேலை அவளுக்குத் தெரியாது, வேறு வேலை பிடிக்கவும் பிடிக்காது.

சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பார்த்தாள். ஆளாளுக்கு ஒரே பாட்டு. "அப்படியா? பார்த்தா தெரியவே இல்லையே! நல்லாத்தானே இருக்கே!"

பார்த்தால் தெரிவதற்கு இதென்ன மூக்குக் கண்ணாடியா?

வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மேல். மருந்தை விடாமல் எடுக்கணும், காலையில் வெயிலுக்கு முன்னால் நடக்கணும், நேரத்துக்குத் தூங்கணும், அளவாகச் சாப்பிடணும் என்று டாக்டர் நாலே நாலு விஷயம் சொன்னார். அதை இவர் நாற்பத்திரண்டாக்கி, மூன்று கலர் பேனாவில் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். சிவப்பில் எழுதியதெல்லாம் கூடாது. அவளுக்குப் பிடித்ததெல்லாம் சிவப்பில்தான் இருந்தது.

"ஏங்க, பிஸ்கட்டு என்னங்க பண்ணுச்சு?"

"நரம்புக்கு ஆகாது."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டருக்கு எல்லாம் ஞாபகம் இருக்குமா? நாமதான் பார்த்து நடந்துக்கணும்."

ஆனால் துவைக்கிற சோப்புக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா ஒளிந்திருந்தது. தினமும் இரண்டு இரண்டாகக் குறைந்தது. நோய் அவளுக்கு, பிஸ்கட் அவருக்கு! நல்ல நியாயம்.

சரி, நாற்காலிக்கு வருவோம். அவள் நேரே முதலாளியிடம் போனாள்.

"சார், மெழுகு இளகுது. நான் ஏசி பக்கத்துலதான் உட்காரணும்."

பாலிஷ்காரரும் பின்னாலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நிதானமாக வந்தார். அந்த நடையைப் பார்த்தாலே அவளுக்கு எரிச்சல். அவசரம் என்பதே கிடையாது மனுஷனுக்கு.

"சார், எனக்குத் தூசி ஒத்துக்கல. ஏசி பக்கத்துலதான் மூச்சு விட முடியுது."

முதலாளி நியாயவான். அதுதான் வினை. "காலைல அம்மா, மத்தியானம் அவர். பிரச்சனை தீர்ந்துச்சா?"

எங்கே தீர்ந்தது? வெயில் கொளுத்துவதே மத்தியானத்தில்தான். அவளுக்குக் கிடைத்தது ஜன்னலோர மேஜை. மூன்று மணிக்கு அவள் கண்ணுக்கு ஒரு கடைவாய்ப் பல் இரண்டாகத் தெரிந்தது.

விடுவாளா? மறுநாள் பிளாஸ்டிக் பைகளில் ஐஸ்கட்டி நிரப்பி எடுத்துவந்து, கூடத்து ஃப்ரிட்ஜில் வைத்தாள். மத்தியானம் ஒன்றை எடுத்துத் துண்டில் சுற்றி இடுப்பில் கட்டி, மேலே ஏப்ரனைப் போட்டுக்கொண்டாள். அடடா! கண் தெளிந்தது, விரல் சொன்னபடி கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது பையை எடுக்கப் போனால், ஃப்ரிட்ஜில் பையைக் காணோம்.

பாலிஷ்காரர் சட்டை முதுகுப் பக்கம் புடைத்துக்கொண்டு இருந்தது.

"அது என் ஐஸ்!"

"முதுகுப் பிடிப்பு," என்றார் அவர். "ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு எடுத்தேன். உங்களுக்கு எதுக்கு ரெண்டு?"

"எனக்குப் பல்லு வலி."

அவர் அவளுடைய ஏப்ரனை மேலும் கீழும் பார்த்தார். "பல்லு வலிக்கு இடுப்புலயா கட்டுவாங்க?"

மற்ற நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். அவளுக்கு முகம் சிவந்துபோனது.

"ஏசியும் உங்களுக்கு, ஐஸும் உங்களுக்கா? ஆள் பார்க்கக் கல்லு மாதிரி இருக்கீங்க. உங்களுக்கு என்ன முதுகுப் பிடிப்பு? எல்லாம் சோம்பேறித்தனம்!"

பாலிஷ்காரர் மெதுவாகப் போய் ஏசிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார். திமிர்தான், வேறென்ன?

அடுத்த நாள் ஒரு பையைக்கூட ஃப்ரிட்ஜில் வைக்கவில்லை அவள். பெரிய பைகளாக இரண்டு கொண்டுவந்து, ரப்பர் பேண்டு போட்டு, இரண்டையும் மொத்தமாக இடுப்பில் கட்டிக்கொண்டாள். யார் திருடுவார் பார்ப்போம்! நாலு மணி வாக்கில் ரப்பர் பேண்டு அறுந்தது. மேஜைக்கு அடியில் தண்ணீர் தேங்கியது.

அந்த நேரம் பார்த்து வந்த முதலாளி வழுக்கி, ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தப்பித்தார். தலைக்கு மேலே, ஏசியிலிருந்து ஜன்னல் பக்கமாகப் போகும் தண்ணீர்க் குழாயை அண்ணாந்து பார்த்தார்.

"ஏசி ஒழுகுது!"

மெழுகக்கா அறுந்த ரப்பர் பேண்டைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினாள்.

மெக்கானிக் வந்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏசியைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்து, உச்சுக்கொட்டினான். "நல்ல வேளை, இப்பவே கூப்பிட்டீங்க. கடைக்கு எடுத்துட்டுப் போயிடுறேன். வெள்ளிக்கிழமை தர்றேன்."

ஏசி இருந்த ஓட்டையை அட்டை வைத்து அடைத்தார்கள். கூடம் கொதித்தது. மெழுகு நிஜமாகவே இளகியது. ஒரு பாட்டு டீச்சருக்கான செட் அவசரமாகப் போக வேண்டியிருந்தது. மங்கிய கண்ணோடு, மரத்த விரலோடு, பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பல் நட்டாள்.

மறுநாள் பல் டாக்டர் போன் பண்ணினார். போனை முதலாளி காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தும் எல்லோருக்கும் கேட்டது. "அது என்ன முன்பல்லா, பால்கனியா? அந்தம்மா வாயே மூட முடியலங்கிறாங்க!"

முதலாளி திட்டவில்லை. அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?" என்றார், அன்பாக.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். மெழுகுதான் சார் சரியில்ல. புதுசா செஞ்சு குடுத்துடுறேன்."

"புதன்கிழமைக்குள்ள வேணும்."

"சார், செவ்வாக்கிழமை நான் லீவு சொல்லியிருக்கேனே. சித்தப்பா பொண்ணு கல்யாணம்."

நாலு வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொள்ளும் நாள் அது. ஒவ்வொரு முறையும் ஒரு கல்யாணம் சொல்லித்தான் போவாள்.

"போன மாசம்தானே சித்தப்பா பொண்ணுக்கு ஆச்சு?"

"அது பெரியவ சார்."

"அதுக்கு முந்தின மாசம்?"

"அது... நிச்சயம்."

முதலாளி பெருமூச்சு விட்டார். "நீ சித்தப்பா பொண்ணுங்கிற. பாலிஷ்காரர் மாசாமாசம் மச்சான் கல்யாணம்ங்கிறார். நாட்டுல நடக்கிற கல்யாணமெல்லாம் உங்க ரெண்டு பேர் வீட்லதான் நடக்குது. வேலையை முடிச்சுட்டு வியாழக்கிழமை போய்க்கோ."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவள் சொல்வது உயிர் போகிற பொய். அந்த மனுஷன் சொல்வது ஊர் சுற்றுகிற பொய். இரண்டையும் ஒன்றாக எடை போடுகிறாரே! பொண்டாட்டிக்கு மாசத்துக்கு ஒரு தம்பியா முளைக்கிறான்?

வீட்டில் வீட்டுக்காரர் குதித்தார். "மருந்தைத் தள்ளிப்போடுறதா?" ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். இரண்டு நாள் தள்ளினால் பரவாயில்லை என்று அங்கே சொன்னார்கள். அப்போதும் மனசு ஆறாமல், பிஸ்கட்டுக்குக் கீழே சிவப்புப் பேனாவில் நாற்பத்து மூன்றாவதாக 'கல்யாணம்' என்று எழுதி வைத்தார்.

புது செட்டில் பாட்டு டீச்சர் வாய் மூடினார். வியாழக்கிழமை பஸ்ஸில் நின்றே வந்து, வெயிலில் நடந்து, மருந்து ஏற்றும் அறைக்குள் மெழுகக்கா நுழைந்தபோது அவள் கால் பின்னியது. ஐந்து சாய்வு நாற்காலிகள் இருந்தன. வழக்கமாகச் செவ்வாய்க்கிழமைகளில் ஏசிக்குக் கீழே இருப்பது அவளுக்குத்தான். இன்று அதைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உள்ளே யாரோ குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், எனக்கு அந்த சீட்டுதான் வேணும்."

"அங்க ஆள் இருக்காங்கக்கா. இப்படி உட்காருங்க, ஃபேன் போடுறேன்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இங்கேயுமா? வேலை பார்க்கிற இடத்தில்தான் அடித்துப் பிடுங்குகிறார்கள் என்றால், ஆஸ்பத்திரியிலுமா?

"எனக்குச் சூடு ஆகாதுன்னு உங்களுக்கே தெரியும். இந்தக் குறட்டையைக் கேட்டா நோயாளி மாதிரியா இருக்கு? நல்லாத்தானே இருக்காரு! எழுப்பி விடுங்க சிஸ்டர், இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடுறேன்!"

நர்ஸ் அவள் தோளைப் பிடித்து ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"மெதுவாக்கா, அவருக்கும் உங்க நோய்தான், வெளிய யாருக்கும் தெரியாது, பாவம், அவர் வேலை பார்க்கிற பல் செட் கடையில மெழுகு வேலை பார்க்கிற ஒரு அம்மா, குத்துக்கல் மாதிரி நல்லா இருந்துக்கிட்டு, ஏசிக்குக் கீழ உட்காரவே விடமாட்டேங்குறாங்களாம், இங்கயாவது நிம்மதியா இருக்கட்டும்னுதான் விட்டு வெச்சிருக்கோம்."