சோட்டி என்று நான் சொன்னது

மாதா துணை

ஆர்.கே.புரம், செக்டர் 4,
புது தில்லி,
17-8-1979

மதிப்பிற்குரிய அத்தை அவர்களின் சமூகத்திற்கு மருமகன் கிறிஸ்துதாஸ் பணிவுடன் எழுதிக்கொண்டது. மாதாவின் தயவால் நானும் பிள்ளைகள் இருவரும் சுகம். தங்கள் முழங்கால் வலி தேவலையா, பாலக்கரையில் மழை உண்டா என்று அறிய ஆவல். இங்கே மழை பெய்து ஓய்ந்து, இப்போது புழுக்கம். அமலி சண்டிகரில் நர்சுகளுக்கான ஆறு வாரப் பயிற்சியை முடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறாள். அவள் முகத்தில் விழிப்பதற்கு முன்னால் தங்களிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்பதால்தான் ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

விஷயம் செலினின் தலைமுடியைப் பற்றியது. பதற வேண்டாம். பிள்ளை நலம். தலையும் நலம்.

செலின் பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது ஜன்னி கண்டு டாக்டர்களே கையை விரித்தார்களே, அந்த வாரம் தாங்கள் எழுதிய கடிதத்தை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். "பிள்ளைக்கு ஏழு வயதானதும் எல்லோருமாக வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போடுவதாக மாதாவுக்கு நேர்ந்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். அன்று முதல் அந்தத் தலையில் கத்தரி படாமல் காத்தது நான். யாராவது நுனியை மட்டும் வெட்டிவிடலாமே என்றால்கூடச் சத்தம் போட்டுவிடுவேன். முடி இடுப்பைத் தாண்டி வளர்ந்தது. வருகிற இருபத்தேழாம் தேதிக்கு ரயில் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. இவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்து கரை சேர்க்கிற நேரத்தில்தான் இப்படி ஆயிற்று.

அமலி புறப்படும்போது பத்தே நிமிஷத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். "நடுவகிடு எடுங்க, ரெண்டாப் பிரிங்க, ஒவ்வொண்ணையும் மூணாப் பிரிச்சுப் பின்னி, மடிச்சு ரிப்பன் கட்டிவிடுங்க, அவ்ளோதான்" என்றாள். ரயில் நகர்ந்த பிறகுதான் யோசித்தேன். இரண்டு மூன்று ஆறு. பிடிக்க வேண்டிய பின்னல் கால்கள் ஆறு, என்னிடம் இருப்பது இரண்டு கை. பெரியவள் மரியபுஷ்பம் உதவுவாள் என்று நினைத்தால், அவளுக்குக் காலை ஷிப்டு பள்ளிக்கூடம், ஆறரை மணிக்கே கிளம்பிவிடுகிறாள். முதல் நாள் நெற்றியில் நடுவிலேதான் வகிட்டை ஆரம்பித்தேன், அது எப்படியோ இடது காதுக்குப் பின்னால் போய் முடிந்தது. செலின் கண்ணாடியைப் பார்த்து, "அப்பா, வகிடு டேடாவா இருக்கு" என்றாள். கோணல் என்று அர்த்தம். திரும்ப எடுத்தேன், வலது காதுக்குப் போயிற்று. "அச்சா, இதுவே இருக்கட்டும், பஸ் போயிடும்" என்று அவளே இரக்கப்பட்டு எழுந்து போனாள். ஒரு பின்னல் தோளுக்கு முன்னாலும் ஒன்று முதுகிலுமாக அவள் படி இறங்கிப் போனதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

மாடி வீட்டு விசாலாக்ஷி அம்மாள் இதைப் பார்த்துவிட்டு, பிள்ளையை அனுப்புங்கள், நான் பின்னுகிறேன் என்றார்கள். நல்ல மனசு. ஆனால் அவர்கள் இழுத்த இழுப்பில் பிள்ளையின் புருவம் இரண்டும் மேலே ஏறி, நாள் முழுவதும் எதையோ கண்டு ஆச்சரியப்பட்ட முகத்தோடே இருந்தாள். டீச்சர் கணக்குப் போடும்போதெல்லாம், "இதில் என்ன ஆச்சரியம்" என்று கேட்டார்களாம். மறுநாள் மாடிக்குப் போக மாட்டேன் என்று அழுதாள். சரி, தினமும் தன் தலைமுடியைத் தானே வாரி முடிகிற ஆள் எதிர்வீட்டிலேயே இருக்கிறாரே என்று சர்தார் மொஹிந்தர் சிங்கிடம் அழைத்துப் போனேன். "சிந்தா மத் கரோ கிறிஸ்துதாஸ்ஜி" என்று கவலையே வேண்டாம் என்றவர், வகிடும் எடுக்கவில்லை, பின்னவும் இல்லை, நாலே சுற்றில் உச்சியில் ஒரு கொண்டையாக முடிந்து, சுத்தமான கைக்குட்டையைக் கட்டிவிட்டார். ஒரு மயிர் அசையவில்லை, அவ்வளவு அழகு. அன்று வகுப்பில் அவளை எல்லோரும் சர்தார்ப் பையன் மாதிரி குல்தீப் என்று கூப்பிட்டார்களாம். இரண்டு நாள் வீட்டிலும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பினாள்.

இந்த நிலைமையில் சுதந்திர தின விழாவில் செலின் நடனமாடப் போகிறாள் என்று டீச்சர் ஒரு தாள் கொடுத்தனுப்பினார்கள். அதில் எழுத்து அதிகம் இல்லை, ஒரு படம்தான். பெரிய வட்டம், நடுவிலிருந்து கோடுகள் பிரிந்து போகின்றன, இரண்டு அம்புக்குறி, ஓரத்தில் ஹிந்தியில் ஒரு வார்த்தை. நான் ஆபீசில் ஹிந்திப் பரீட்சையை இரண்டாவது தடவையில் பாஸ் செய்தவன்தான், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். 'மார்க்' என்று படித்தேன். மார்க் என்றால் சாலை. வட்டம், அதிலிருந்து பிரியும் சாலைகள், பக்கத்தில் ஒரு மார்க். வட்டம் என்றால் இங்கே வட்டமாகவே கட்டியிருக்கும் கோல் மார்க்கெட், சாலை அதன் பக்கத்து மந்திர் மார்க், அங்கேதான் ஒத்திகை என்று முடிவு கட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை முடிந்த கையோடு செலினையும் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிக் கோல் மார்க்கெட்டுக்குப் போனேன். அந்த வட்டக் கட்டடத்தை மூன்று தடவை சுற்றினோம். ஒரு பழக்கடைக்காரரிடம் தாளைக் காட்டி, இந்த அம்புக்குறி எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு ரோடு இங்கே இல்லையே என்றார். பஸ்ஸில் தூங்கி வழிந்த செலின் அப்போதுதான் தாளை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இது ரோடு இல்ல. ஏ மேரா சிர் ஹை" என்றாள்.

என் தலை என்கிறாள். மேலேயிருந்து பார்த்தால் பிள்ளையின் தலை எப்படித் தெரியுமோ அப்படி டீச்சர் வரைந்திருக்கிறார்கள். நடுவில் வகிடு, அதிலிருந்து சாய்வாக இரண்டு குறுக்கு வகிடு, நாலு பகுதியாகப் பிரித்து நாலு பின்னல் பின்னி, இந்தப் பக்கத்துப் பின்னலை அந்தப் பக்கத்தோடு சேர்த்துக் கிரீடம் மாதிரிக் கட்ட வேண்டும். அந்த வார்த்தை மார்க் இல்லை, மாங். மாங் என்றால் வகிடாம். ஒரு புள்ளிக்கும் ஒரு கொக்கிக்கும் உள்ள வித்தியாசத்தில் பிள்ளையின் தலையைத் தேடிக்கொண்டு அவளையே கையில் பிடித்தபடி ஊர் சுற்றியிருக்கிறேன்.

நாலு பின்னலுக்குக் கால் பன்னிரண்டு. அது என்னால் ஆகாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், மார்க்கெட்டில் ஒரு துணிக்கடைக்கு மேலே பெண்களுக்கான சலூன் திறந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அழைத்துப் போனேன். வேலை தெரிந்தவர்கள் பின்னிவிட்டால் காலையில் ரிப்பன் மட்டும் கட்டினால் போதும் என்று எண்ணம். ஆண்கள் உள்ளே வரக் கூடாது என்று ஒரு திரை. திரைக்கு வெளியே நின்றபடியே என்னால் ஆன ஹிந்தியில் தெளிவாகச் சொன்னேன். "பால் சோட்டி கர் தீஜியே" என்றேன். முடியைப் பின்னிவிடுங்கள் என்று பொருள். உள்ளேயிருந்து அந்த அம்மாள், "கித்னீ சோட்டி?" என்றாள். எத்தனை என்று கேட்கிறாள் என்று நினைத்து, திரைக்குள் கையை நீட்டி நாலு விரலைக் காட்டினேன். "சார் இஞ்ச்? பக்கா?" என்றாள். நாலு இஞ்ச் என்று அவள் சொன்னது காதில் விழத்தான் செய்தது. இவர்கள் பின்னலை இஞ்சுக் கணக்கில் பின்னுவார்கள் போலும் என்று நினைத்து, "பக்கா" என்றேன்.

அத்தை, ஹிந்தியில் பின்னலுக்கும் சோட்டி, சின்னதாக்குவதற்கும் சோட்டி. ரெண்டும் வேற வேற, ஒண்ணச் சொல்றப்ப மூச்சு ஜாஸ்தி என்கிறார்கள். நமக்கு அந்த மூச்சு எங்கேயிருந்து வரும். பத்து நிமிஷம் கழித்துத் திரை விலகிச் செலின் வெளியே வந்தாள். முடி காது மடலோடு நின்றது. பின்னாலேயே அந்த அம்மாள், ரப்பர் வளையம் போட்ட நீளக் கற்றையை இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் ஏதோ பதறிக் கேட்டிருக்க வேண்டும், "ஆப் ஹீ நே தோ கஹா" என்றாள் அவள். நீங்கள்தானே சொன்னீர்கள் என்கிறாள். நான்தான் சொன்னேன். பக்கா என்றும் சொன்னேன். அந்தக் கற்றையைக் கையில் வாங்கினதும் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜன்னி வந்து அவள் வெட்டி வெட்டி இழுத்த அந்த ராத்திரிதான் கண் முன்னால் வந்தது. மாதாவுக்கு என்று வைத்ததை நாமே தொலைத்துவிட்டோமே, இனி என்ன ஆகுமோ என்று பயம் வந்துவிட்டது.

செலின் எனக்கு ஒரு படி கீழே வந்து நின்று, என் முகத்தையே பார்த்தாள்.

"நல்லா இல்லியாப்பா?"

"நல்லா இருக்கும்மா" என்றேன்.

"சச்சி?" என்றாள். நிஜமாகவா என்று கேட்கிறாள்.

"நிஜமாத்தான்" என்றேன். அதற்கப்புறம் அவள் வீடு வரைக்கும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே வந்தாள். முடி தோளில் படாமல் பறப்பது அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. இனிமேல் தினம் காலையில் அப்பா பாவம், கஷ்டப்பட வேண்டாம் என்று வழியில் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது.

மறுநாள் விழாவில் டீச்சர் அவள் தலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்கள். பிறகு கிரீடம் கட்டின ஏழு பெண்கள் பின்னால் ஆட, இவளுக்குச் சிப்பாய்த் தொப்பி போட்டு, கொடியைக் கையில் கொடுத்து முன்னால் நடக்க விட்டார்கள். நன்றாகத்தான் நடந்தாள். கை தட்டினார்கள். புஷ்பம் மட்டும் வீட்டுக்கு வந்ததும், அப்படியானால் தனக்கும் அதே மாதிரி வெட்டிவிட வேண்டும், ஏன் எல்லாம் சின்னவளுக்கு மட்டும் என்று மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த முடிக்கற்றையை ஒரு புதுப் பைல் அட்டைக்குள் வைத்து, நாடா கட்டி, மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இப்போது எனக்குப் புரியாதது இதுதான். வெட்டின கற்றையைக் கொண்டுபோய் வேளாங்கண்ணியில் வைத்தால் நேர்ச்சை செல்லுமா? அல்லது மீதி இருக்கிற நாலு இஞ்சை வழித்தால் செல்லுமா? இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரே முடியை இரண்டு தடவை கொடுத்தது போல் ஆகிவிடாதா? தாங்கள் பங்குச் சாமியாரிடம் பக்குவமாகக் கேட்டு, நாங்கள் ரயில் ஏறுவதற்குள் ஒரு தந்தி கொடுத்தால் புண்ணியமாகப் போகும். குற்றம் முழுவதும் என்னுடையது. பிள்ளையின் மேல் மாதாவுக்கு வருத்தம் வேண்டாம் என்று தாங்கள் ஒரு செபமாலை சொல்லவும்.

தங்கள் முழங்காலுக்குச் சுகமும் வீட்டில் சமாதானமும் உண்டாகும்படி ஆண்டவரை மன்றாடுகிறேன். அமலியின் தம்பிக்கும் அவர் வீட்டாருக்கும் என் அன்பைச் சொல்லவும். பிள்ளைகள் தங்கள் கால்களைத் தொட்டு ஆசி கேட்கிறார்கள்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
ச. கிறிஸ்துதாஸ்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பயிற்சி இரண்டு நாள் முன்னதாகவே முடிந்துவிட்டதாம், அமலி வந்துவிட்டாள். செலினைப் பார்த்ததும், "நல்லாருக்குடி, பேன் தொல்லை விட்டுச்சு" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். நின்றபடி படித்தவள் பாதியில் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தேன். அழவில்லை, சிரிக்கிறாள்.

"மொட்டை அவளுக்கு இல்லீங்க" என்றாள். "உங்களுக்கு."

"எனக்கா?"

"பேத்தி பொழச்சா மாப்பிள்ளைக்கு மொட்டைன்னுதான் அம்மா நேந்துக்கிட்டாங்க. முன்னாடியே சொன்னா நீங்க ரயில் ஏற மாட்டீங்க, அங்க வந்ததும் சொல்லிக்கலாம்னாங்க."

"அப்ப ஆறு வருஷமா அவ முடிய ஏன் வெட்டாம வச்சிருந்தே?"

"நீங்கதானே கத்தரியத் தூக்கினாலே சத்தம் போட்டீங்க. உங்களுக்கு நீள முடின்னா ஆசை போலன்னு நானும் தினம் சிக்கெடுத்துச் செத்தேன்."

தங்கள் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். மொட்டை போடுவதாக என்று இருக்கிறதே தவிர, யார் தலைக்கு என்று இல்லை. ஆபீசில் அடுத்தவர்கள் எழுதினதில் யாருக்கு, எவருக்கு என்று தெளிவாக இல்லாவிட்டால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புகிறவன் நான். ஆகவே மேலே எழுதிய அனைத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சாமியாரிடம் கேட்க வேண்டாம். தந்தியும் வேண்டாம். என் முன்மண்டை நாலைந்து வருஷமாகவே காலி என்பதால், பின்னால் இருப்பதை மட்டும் கொடுத்தால் போதுமா என்பதை நேரில் கேட்டுக்கொள்கிறேன். இன்னும் எழுதலாம், ஆனால் செலின் சீப்பும் ரிப்பனும் எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் ஏறி நிற்கிறாள். இருபத்தேழாம் தேதி வரைக்கும் அப்பா தலை தன்னுடையதாம். குனிந்து எழுதினால் வகிடு கோணும் என்கிறாள்.