கடலுக்குப் போன கையெடு அண்ணாச்சி

ஒரு குளிர்பெட்டி எதனால் செத்தது என்பதை அதன் கதவைத் திறக்காமலே சொல்லக்கூடியவர் தாமிரபரணிக்குத் தெற்கே ஒருவர்தான். வள்ளியூரில் கடை வைத்திருக்கும் அவருடைய பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் கையெடு அண்ணாச்சி. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வணக்கத்துக்கு முன்னால் அவர் சொல்வது, "பெட்டி மேல இருந்து கையெடுங்க."

அடுத்தது விசாரணை. அது முடியாமல் கருவிப் பையைத் திறக்க மாட்டார். நாங்குநேரியில் ஒரு தலைமையாசிரியை வீட்டில் நானே பார்த்தேன். என் நாட்குறிப்பின்படி புதன்கிழமை, காலை பத்து இருபது.

"கடைசியா உள்ள என்னத்த வச்சிய?"

"பாலு, தயிரு, கொஞ்சம் காய்."

"அப்புறம்?"

"வேற ஒண்ணுமில்ல."

அண்ணாச்சி பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். "பெட்டி வேற சொல்லுது. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லும்போது கூப்பிடுங்க."

ஆயிரம் பிள்ளைகளை மிரட்டி உண்மையை வாங்கிய அந்த அம்மாள் தலையைக் குனிந்தார். "மறுவீட்டு விருந்துல வச்ச சொதிக் குழம்பு மிச்சம் இருந்துச்சு அண்ணாச்சி. ஒரு குண்டான். கொஞ்சம் சூடு."

"கொஞ்சமா?"

"ஆவி பறந்துச்சு."

"இப்பம் சரி," என்று பையைத் திறந்தார். ஸ்க்ரூடிரைவர் நுனியைக் கம்ப்ரசரில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். கால் மணி நேரத்தில் பெட்டி ஓடியது.

இப்படிப்பட்டவரைக் கடலுக்குக் கொண்டுபோன பாவம் என்னுடையது.

பாளையங்கோட்டையில் எனக்கு எதிர்வீட்டுக்காரர் கப்பல் சார். சரக்குக் கப்பல்களில் முப்பத்திரண்டு வருடம் இன்ஜினியராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் மனை வாங்குவார்கள். இவர் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். கூடங்குளத்துக்குக் கிழக்கே ஒரு மீனவ ஊரில், தூண்டில் வளைவு என்று சொல்லும் கல்சுவரின் உட்புறம் கட்டிவைத்தார். அந்த முப்பத்திரண்டு வருடமும் அவர் மனைவி கோமதி அக்கா கரையில்தான் இருந்தார். இப்போது முதல்முறையாக இருவரும் சேர்ந்து, குமரி முனையைச் சுற்றிக் கொச்சி வரை போவதாக ஏற்பாடு. மாசி மாதத்துக் காற்றும் சாதகம்.

அப்போது பார்த்துப் படகின் குளிர்பெட்டி உயிரை விட்டது. அக்காவுக்குச் சர்க்கரை, இன்சுலின் குளிரில் இருந்தாக வேண்டும். ஐஸ் வாங்கிப் போட்டால் ஒரு நாள் தாங்கும். பயணமோ ஒரு வாரம்.

"பெட்டி குளுந்தா வாரேன். இல்லன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க. வழியனுப்பி எனக்கு நல்ல பழக்கம்தான்," என்றார் அக்கா. கப்பல் சார் அன்று சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை அண்ணாச்சியை அழைத்துப் போனேன். குளிர்த்தகட்டில் உப்பு ஊசித் துளை போட்டு, கேஸ் முழுவதும் போயிருந்தது. எல்லாவற்றையும் மாற்றுவது என்று முடிவானது. பேட்டரியில் ஓடும் புதுக் கம்ப்ரசரும் தகடும் பார்சலில் வந்தன. கரையில் கட்டிக் கிடக்கும் படகு ஆடாது என்ற உறுதிமொழியின் பேரில் அண்ணாச்சி ஏறினார். இரண்டு நாள் ஒரு பொந்துக்குள் தலையை நுழைத்துக் குப்புறக் கிடந்தார். வெளியே தெரிந்தவை கால்கள் மட்டுமே.

"அண்ணாச்சி, நானும் ஒரு கை பிடிக்கட்டுமா? முப்பத்திரண்டு வருசம் இன்ஜின் ரூம்ல..." என்று குனிந்தார் கப்பல் சார்.

"கையெடுங்க சார்," என்றது பொந்து.

வியாழன் மாலை பெட்டியில் ஐஸ் கட்டியது. வெள்ளி காலை ஒத்திகைக்காக, பேட்டரி சார்ஜருக்கு வரும் கரை மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுக் கடலுக்குள் போனார்கள். பத்தே நிமிடத்தில் பெட்டி நின்றது. திரும்பி வந்து கரை மின்சாரத்தைச் சொருகினால் சமத்தாக ஓடியது. மறுபடி போனால் மறுபடி நின்றது.

"அப்பம் கோளாறு பெட்டியில இல்ல சார், கடல்ல," என்று தீர்ப்பளித்தார் அண்ணாச்சி.

"அப்பம் கடலுக்கு வாரும்."

"நான் ரெண்டு சக்கர வண்டியில போற ஆளு. அலையில எனக்கு என்ன சோலி?"

கோமதி அக்கா எழுந்தார். மருந்துப் பையை எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோகும் கூடையில் வைத்தார். மேலே மடித்த புடவையை வைத்தார். அண்ணாச்சி அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோயிலுக்குள் போவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறினார்.

பதினொன்று ஐந்துக்கு நால்வரும் கூடையோடு புறப்பட்டோம். பதினொன்று பதினேழுக்கு அண்ணாச்சி முதல்முறை வாந்தி எடுத்தார். இருபத்தொன்பதுக்கு இரண்டாவது. இடைவேளைகளில் விசாரணை நடந்தது.

"அக்கா, சூடா ஏதும் வச்சியளா?"

"மருந்தக்கூட இன்னும் வைக்கல அண்ணாச்சி."

"சார், ஒளிச்சு கிளிச்சு பீரு?"

"இல்ல வே."

கண் என் பக்கம் திரும்பியது. ஒரு பாட்டில் மோர் வைத்ததை ஒப்புக்கொண்டேன். மோர் சூடில்லை என்று நிரூபித்த பிறகே விடுதலை கிடைத்தது.

கம்ப்ரசர் ஒருமுறை முனகும், நிற்கும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி முனகும், நிற்கும். அண்ணாச்சி ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு மீட்டரை எடுத்தார். பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட். முனகும் நேரத்தில் கம்ப்ரசரின் வாசலில் வெறும் பத்து. இரண்டுக்கும் நடுவே போகும் வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கையெடுங்கன்னு ஊரெல்லாம் சொல்லுதேன். இதுல தப்பாக் கைய வச்சது நான்தான்."

வயரைத் தூக்கி எங்களுக்குக் காட்டினார்.

"வீட்டுப் பெட்டிக்கு இழுக்குற வயர இழுத்திருக்கேன். வீட்டுக் கரண்டு ஒல்லி, சந்துக்குள்ளயும் ஓடிரும். பேட்டரிக் கரண்டு தடியன். இந்தச் சந்துல உரசி உரசி வந்து சேருததுக்குள்ள களைச்சுப் போயிருதான். கரையில சார்ஜர் பின்னால இருந்து தள்ளிவிட்டதால ஓடியிருக்கு."

கப்பல் சார் தொண்டையைச் செருமினார். "வயர் ஒல்லின்னு நான் அன்னைக்கே பாத்தேன் அண்ணாச்சி."

"பாத்தீயளா? பெறவு ஏன் சொல்லல?"

"சொன்னா கையெடும்பீரேன்னு பயந்தேன்."

முதலில் சிரித்தவர் கோமதி அக்கா. அந்தச் சிரிப்பில் அண்ணாச்சிக்கு வரவேண்டிய மூன்றாவது வாந்தி நின்றுபோனது.

இன்ஜினைக் கிளப்பப் பேட்டரியிலிருந்து பேட்டரிக்குக் கொடுக்கும் விரல் தடிமன் கேபிள் படகில் இருந்தது. அதை நேரே மாட்டினார். கம்ப்ரசர் முனகியது. நிற்கவில்லை.

"கரைக்குப் போயிருவோமா?" என்றேன்.

"பைய போவலாம் சார். பெட்டி குளிரட்டும்." பாய்மரத்தின் அடியில் படுத்துக்கொண்டார். முகம் பாகற்காய் நிறம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வாரப் பத்திரிகையால் விசிறினார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அந்த மனிதர் கடல் நடுவே கிடந்தார். ஒன்று நாற்பதுக்கு எழுந்து, பெட்டிக்குள் கையை விட்டு, "மருந்த வையுங்க அக்கா," என்றார்.

சனிக்கிழமை வள்ளியூரிலிருந்து தடி வயர் கொண்டுவந்து நிரந்தரமாகப் பூட்டினார். ஞாயிறு காலை ஆறு ஐம்பதுக்குப் படகு புறப்பட்டது. வழியனுப்ப நாங்கள் இருவரும் கரையில் நின்றோம். பாய் சிறுத்துச் சிறுத்து ஒரு வெள்ளைப் புள்ளியானது.

"போவோமா அண்ணாச்சி?"

"இருங்க சார். அக்கா இன்னும் கையக் காட்டுதாக."

அவ்வளவு தூரத்தில் யாருடைய கையும் தெரிய வழியில்லை. அவர் மட்டும் கையை ஆட்டிக்கொண்டே ஓர் அடி, இன்னும் ஓர் அடி என்று முன்னால் போனார். அலை அவருடைய முழங்காலை நனைத்துப் போய்க்கொண்டிருந்தது. கடலுக்குள் இறங்கிவிட்டார் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.