குழாய் வழியே வந்த ஹலோ

உலகத்தில் தண்ணீர்க் குழாய் வழியாகத் தொலைபேசி விட்ட ஒரே மனிதர் எங்கள் வால்வண்ணாதான். இதை யாராவது மறுத்தால் நேரில் வரட்டும். மைசூர் மண்டி மொஹல்லாவில் இருபத்திரண்டு வீட்டுச் சாட்சிகள் என்னிடம் இருக்கிறார்கள். அவர்களைப் பேச வைப்பது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. தண்ணீர் இலாகாவில் வால்வு திறக்கிற வேலை, அதனால் வால்வண்ணா. தமிழ் பேசுகிற மார்டள்ளிப் பக்கத்து ஆள். குடும்பம் கிடையாது. சந்தின் கோடியில் இருந்த வால்வு அறைக்குப் பக்கத்திலேயே ஒரு ஒண்டு அறையில் குடியிருந்தார். தோளில் எந்நேரமும் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி இருக்கும். அதைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் டீ குடித்து நான் பார்த்ததில்லை.

நான் சேலத்திலிருந்து கல்யாணமாகி அந்தச் சந்துக்குப் போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். எத்தனை மணிக்கு என்று கேட்கக் கூடாது. தொலைபேசியோ எழுதிப் போட்டுவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டிய சமாச்சாரம். இந்த இரண்டு தலைவலியையும் ஒரே மாத்திரையில் தீர்க்கிறேன் என்று வால்வண்ணா ஒருநாள் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"போனுக்கு எழுதிப் போட்டு எட்டு வருசமாச்சுங்கக்கா. அவங்க குடுக்கறப்ப குடுக்கட்டுங்க. அதுவரைக்கும் நம்ம சந்துக்கு நாமளே ஒண்ணு போட்டுக்கலாமுங்க."

என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் சந்தில் புடவை கட்டிய எல்லாரும் அவருக்கு அக்காதான்.

எங்கோ ஒரு ஆலையில் கழித்துப் போட்ட கறுப்புத் தொலைபேசிகளைப் பழைய இரும்புக் கடையில் பிடித்து வந்திருந்தார். பக்கவாட்டில் கைப்பிடி. அதைச் சுற்றினால் மணி அடிக்கும். மொட்டை மாடிகளின் மேலாக ஒரே ஒரு கம்பி. ஒரு கம்பி போதுமா என்று என் கணவர் கேட்டார். மறு முனையை எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயில் கட்டிக்கொண்டே வால்வண்ணா பதில் சொன்னார்.

"சத்தம் கம்பியில போவுமுங்க, குழாயில திரும்பி வருமுங்க. பூமி வரைக்கும் இரும்புதானுங்களே. தண்ணி என்னங்க, சத்தம் என்னங்க, ரெண்டும் ஓடறதுதானுங்க."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் புட்டம்மா அன்று மாலைக்குள் சந்து முழுக்கத் தமுக்கடித்துவிட்டார். பால் வியாபாரம் செய்கிறவர், கன்னடக்காரர், எங்களோடு தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். "உங்க ஜகள எல்லாம் ஓடுற நீர நான் குடிக்கணுமா? பேடப்பா. மாமியாரும் மருமவளும் ஜகள ஆடுறது என் குடத்துக்கா வரணும்?" என்று கேட்டவர், மூன்று நாள் அடுத்த தெருக் கிணற்றில் இறைத்துக் குடித்தார். அவர் வீட்டுச் சுவரிலும் ஒரு பெட்டியை மாட்டிவிட்டார் வால்வண்ணா. அதன் மேல் புட்டம்மா ஒரு துண்டைப் போட்டு மூடி, செத்தாலும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

முதல் மணி அடித்த நாளை நான் மறக்கவே மாட்டேன். சமையலறையில் கைவேலையாக இருந்தேன். சுவரில் கணகணவென்று சத்தம். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசிக் குழலை எடுத்தேன். "தண்ணி வந்துருச்சுங்களா?" என்றது வால்வண்ணாவின் குரல். குழாயைத் திறந்தேன், கொட்டியது. "வந்துருச்சு" என்றேன். "வந்துருச்சுன்னா வெச்சிருங்கக்கா, லைன் ஃப்ரீயாவட்டும்" என்று வைத்துவிட்டார். கடைசி வரைக்கும் அவர் பேச்சு அவ்வளவுதான். தண்ணீர் வந்துவிட்டது என்று காதில் விழுந்தால் அடுத்த வார்த்தைக்கு நிற்கமாட்டார். எனக்கோ அன்று தரையில் கால் பாவவில்லை. என் வீட்டில் தொலைபேசி! உடனே கைப்பிடியைச் சுற்றிப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். ஜன்னல் வழியாகக் கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் இருந்தவளோடு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, முக்கால் மணி நேரம் பேசினேன்.

ஆனால் மணி என்றால் தண்ணீர் என்று எங்கள் சந்து பழகிவிட்டது. யார் எதற்குச் சுற்றினாலும் இருபத்திரண்டு வீட்டிலும் அடிக்கும், இருபத்திரண்டு பேரும் குழலை விட்டுவிட்டுக் குடத்தை எடுப்பார்கள். கோடி வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்த சேதியைச் சொல்ல அவள் அப்பா சுற்றியபோது, சந்தே குழாயடியில் வரிசை கட்டி நின்றது. பாவம், அவர் வீடு வீடாக நடந்து போய்ச் சொன்னார்.

இதற்கு வால்வண்ணா வீட்டுக்கு ஒரு விதமாக மணி அடிக்கும் அடையாளம் வைத்தார். எனக்கு இரண்டு குட்டை மணி, ஒரு நெட்டை மணி. அதன் பிறகு எல்லாரும் எல்லார் மணிக்கும் குழலை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். ஒட்டுக்கேட்பதில் எங்கள் சந்தை அடிக்க ஆள் கிடையாது. வால்வண்ணா தலையில் அடித்துக்கொள்வார். "ஒருத்தரு எடுத்தா பிரஷர் நல்லாருக்குமுங்க. எல்லாரும் தொறந்தா வீட்டுக்கு ஒரு சொட்டுத்தானுங்க வரும்." உண்மைதான். கேட்கிற ஆள் கூடக்கூடக் குரல் தேய்ந்துகொண்டே போகும். குரல் தேய்ந்தால் புது விஷயம் சூடாக இருக்கிறது என்று அர்த்தம்.

இப்படி ஒரு வருஷம் ஜாம்ஜாமென்று ஓடியது. பக்கத்துச் சந்துக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. தங்களுக்கும் லைன் வேண்டுமென்று கேட்டார்கள், பெட்டி தீர்ந்துவிட்டது என்றார் இவர். இலாகா ஊழியர் தண்ணீர்க் குழாயில் திருட்டுத் தொலைபேசி நடத்துகிறார் என்று எழுதிப் போட்டுவிட்டார்கள். எஞ்சினியர் நேரில் வந்து பார்ப்பார், நிரூபணமானால் ஊருக்கு வெளியே ஆற்றங்கரைப் பம்பு ஹவுஸுக்கு மாற்றல் என்று கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்தோடு அவர் வந்து எங்கள் படியில் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் சாவியைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார்.

"அங்க பம்பு சத்தந்தானுங்கக்கா. தண்ணி வந்துச்சான்னு யாரைக் கேக்கறது?"

அன்றே சந்து கூடியது. வால்வு அறையிலிருந்து ஒரே ஒரு வீட்டுக்கு, தண்ணீர் வந்ததா என்று விசாரிக்க மட்டும் ஒரு கம்பி இருக்கிறது என்று சொல்லிவிடுவது. அந்த வீடு எங்கள் வீடு. மற்ற இருபத்தொரு பேரும் பெட்டியை ஒளித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது. எல்லாரும் அவரவர் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார்கள். புட்டம்மா மட்டும், "நான் எப்ப அதத் தொட்டேன், சத்திய ஆடுறதுக்கு?" என்று முறைத்தார்.

எஞ்சினியர் காலையில் வந்தார். வழுக்கைத் தலை, சிடுசிடுத்த முகம். சோதித்துப் பார்க்கிறேன் என்று அவர் வால்வு அறையில் குழலைப் பிடித்துக்கொண்டார். வால்வண்ணா எங்கள் வீட்டுக் குழலில். அவர் காதோடு என் காதையும் ஒட்டி வைத்திருந்தேன்.

எத்தனை வீட்டுக்கு லைன் என்று கன்னடத்தில் கேட்டார் எஞ்சினியர்.

"ஒரே வீடுதானுங்க சார்."

சத்தமே வரவில்லையே, உரக்கப் பேசு என்றார். வால்வண்ணாவின் முகம் வெளுத்தது. என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தார். "பிரஷர் போச்சுங்கக்கா. அத்தன பேரும் எடுத்துட்டாங்க."

பெட்டியை அரிசி டிரம்முக்குள் ஒளித்தவர்கள் டிரம்முக்குள் தலையை விட்டிருப்பார்கள். நான் கைகூப்பிச் சாமுண்டி மலைத் திக்கைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து, வால்வு அறையில் இருந்த பிளீச்சிங் பவுடர் மூட்டை தன் வேலையைக் காட்டியது. எஞ்சினியர் தும்மினார். கம்பியே அதிரும்படி ஒரு தும்மல்.

உடனே கம்பியில் ஒரு குரல். யார் குரல் என்கிறீர்கள்? செத்தாலும் தொடமாட்டேன் என்றாரே, அவர் குரல்.

"நூறு வர்ஷ பாளப்பா."

அவ்வளவுதான், அணை உடைந்தது. "நூறு!" "நூறாயுசு!" "தீர்க்காயுசா இருங்க சாமி!" என்று தமிழிலும் கன்னடத்திலும் இருபத்தொரு வீடும் வாழ்த்தியது. தும்மினவரை வாழ்த்தாமல் விட எங்கள் சந்தில் யாருக்கும் மனம் வராது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வாயிலிருந்தும் ஒரு நூறு வந்தது.

வால்வண்ணா கண்ணை மூடிக்கொண்டார். "இருபத்திரெண்டு வீடுங்க சார்" என்றார் மெதுவாக.

எஞ்சினியர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே எங்கள் வாசலுக்கு வந்தார். சந்து மொத்தமும் தெருவில் நின்றது. அவர் கன்னடத்தில் சொன்னதை எனக்குத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன்: "இந்த இலாகாவில் சேர்ந்த நாளிலிருந்து தெருவுக்குத் தெரு திட்டு வாங்கியிருக்கிறேன். நூறு வருஷம் வாழச் சொன்ன தெரு இதுதான்." பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தண்ணீர் வரும் நேரத்தை அறிவிக்க மணி உண்டு, வேறொன்றும் காணவில்லை என்று எழுதிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினார். ஏறும்போது இன்னொரு முறை தும்மினார். இந்த முறை கம்பி தேவைப்படவில்லை.

மாற்றல் பேச்சு அத்தோடு போயிற்று. சில வருஷத்தில் வீட்டுக்கு வீடு அசல் தொலைபேசியே வந்துவிட்டது. வால்வண்ணா ஓய்வு பெற்று மார்டள்ளிக்குப் போனார், மொட்டை மாடிக் கம்பியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு.

இப்போதும் வாரம் ஒருமுறை போன் செய்கிறார். எடுத்ததும் ஒரே கேள்வி. "தண்ணி வந்துருச்சுங்களாக்கா?" நான் இருக்கிற வீட்டில் குழாயை எந்நேரம் திருகினாலும் தண்ணீர் கொட்டும். ஆனாலும் இன்னும் வரவில்லை என்றுதான் சொல்வேன். வந்துவிட்டது என்றால் போனை வைத்துவிடுவாரே.