ஞானபாய் (உயிருடன் உள்ளார்)

"மறைந்த வீராங்கனை ஞானபாய் பூப்பந்துக் களம்" என்று பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்தில் எழுதியிருந்தது. காலை ஆறேகாலுக்கு நடக்க வந்த ஞானபாய்தான் அதை நின்று வாசித்தாள்.

முதலில் பெயரைப் பார்த்து நெஞ்சு விம்மியது. வடக்குக்குளத்தைத் தூர்த்துப் பூங்காவாக்கிய காலத்தில் ஆண்கள் இருட்டும் வரை களத்தை விட்டு இறங்க மாட்டார்கள். அதனால் விடியுமுன்னே ஐந்து பெண்கள் வந்து, சாணியை வாரிப் போட்டு, வலையைத் தாங்களே கட்டி ஆடினார்கள். அந்த ஐவரைப் பற்றிப் பலகையில் நான்கு வரி. மாவட்ட அணிக்குத் தலைமை தாங்கியவர் ஞானபாய் என்று ஒரு வரி. நாற்பது வருஷமாக ஒருத்தரும் நினைத்துப் பார்க்காத சங்கதி.

பிறகுதான் முதல் வார்த்தை கண்ணில் பட்டது.

வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "ஏங்க, நான் செத்துப் போனேன்னு எழுதி வச்சிருக்கானுவ!"

கணவர் ஜான்ரோஸ் பேப்பரைத் தாழ்த்தாமலே கேட்டார். "பேரு இருக்குல்லா?"

"இருக்கு."

"அப்போ விடு ஞானம். முன்னால ஒரு வார்த்தை கிடந்தா கிடந்துட்டுப் போகட்டு."

"கெட்டினவ செத்துட்டான்னு ஊருக்கு நடுவுல போர்டு வச்சிருக்கு, நீங்க பேப்பர் படிக்கிய!"

சப் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு மனு எழுதச் சொல்லித் தரவேண்டுமா? 'மறைந்த என்ற சொல் எனக்குப் பெரும் அவமரியாதை' என்று எழுதிக்கொண்டு பூங்கா அலுவலகத்துக்குப் போனாள். அங்கே கிளார்க் அஸ்வதி கம்ப்யூட்டரில் இருந்து தலையைத் தூக்கினாள்.

"நீங்க ஞானபாய்க்கு யாரு மேடம்? தங்கச்சியா?"

"நான்தான் ஞானபாய்."

"அவங்க இறந்துட்டாங்களே மேடம்."

"ஆரு சொன்னா?"

"ஃபைல்ல இருக்கு."

"அந்த ஃபைலை எடு, பாப்போம்."

"சாரோட பீரோவுல இருக்கு. சார் அடுத்த திங்கக்கிழமைதான் லீவு முடிஞ்சு வருவாரு. போர்டை மட்டும் மாத்தச் சொல்லுதேன்."

மறுநாள் பெயிண்டர் பொன்னுலிங்கம் 'மறைந்த' என்பதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'அமரர்' என்று எழுதியிருந்தார்.

"மரியாதை காணாதுன்னு ஒரு அம்மா மனு குடுத்தாவளாம். அதான்" என்றார், தூரிகையைத் துடைத்துக்கொண்டே.

ஞானபாய்க்கு உச்சந்தலை கொதித்தது. உயிர்வாழ் சான்றிதழ் நகலை வாங்கிக்கொண்டு போய் அஸ்வதியின் மேசையில் அடித்து வைத்தாள். அதற்கும் உடனே பலன் கிடைத்தது. புதன்கிழமை காலை பலகையில் 'அமரர்' இல்லை. 'ஞானபாய் (உயிருடன் உள்ளார்)' என்று இருந்தது.

நடக்க வந்தவர்கள் பலகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருத்தர் கைகூப்பி, "ரொம்ப சந்தோஷம் மேடம்" என்றார். எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

"இப்படி எழுதினா நாளைக்குச் சாவான்னு காத்துக் கிடக்க மாதிரி இருக்கு! பொறந்த வருஷத்தை எழுதுங்க, அது போதும்" என்று அலுவலகத்தில் கத்திவிட்டு வந்தாள்.

எழுதினார்கள். 'ஞானபாய் (1960 – )'. கோட்டுக்குப் பிறகு நான்கு எண்ணுக்கு அளவெடுத்த மாதிரி இடம் விட்டிருந்தது.

"இது என்னத்துக்கு?"

பொன்னுலிங்கம் சங்கடமாகச் சிரித்தார். "பின்னால தேவைப்படும்லா அம்மா. அப்போ போயி எங்க இடம் தேட?"

இவ்வளவுக்கும் காரணம் ஒருத்திதான் என்று ஞானபாய்க்கு அன்றைக்குத் தோன்றிவிட்டது. இரணியலில் இருக்கும் ரத்தினம். அந்த ஐவரில் ஒருத்தி. கேப்டன் பதவி தனக்குக் கிடைக்கவில்லை என்று அப்போதே ஒரு மாசம் பேசாமல் இருந்தவள். போன் போட்டாள்.

"ஏட்டி ரத்தினம், நான் செத்துட்டேன்னு ஆபீசுல சொன்னது நீதான?"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. "ஐயோ, ஞானமா பேசுக? திங்கக்கிழமை போர்டைப் பார்த்துட்டு வந்ததுல இருந்து அழுதுக்கிட்டு கெடக்கேன். நாலு நாளா வீட்டுல மீனு வாங்கல்லட்டி!"

ஞானபாய் போனை வைத்தாள். கோபத்தை இறக்கி வைக்க ஆள் கிடைக்காமல் போனதில் அது இரண்டு மடங்காகிவிட்டது. நேராக அலுவலகம்.

"ஒண்ணுகில் என் பேரை ஒழுங்கா எழுதுங்க. இல்லேன்னா அந்தப் பேரையே எடுத்துருங்க!"

அந்த அலுவலகத்தின் சரித்திரத்தில் எந்த வேலையும் அவ்வளவு வேகமாக நடந்திருக்காது. திங்கட்கிழமை காலை ஜான்ரோஸையும் இழுத்துக்கொண்டு அவள் போனபோது, பலகை முழுக்கப் புதுப் பச்சை. ஐந்து பெண்களைக் காணோம். நான்கு வரியைக் காணோம். நடுவில் 'பூப்பந்துக் களம் எண் 2' என்று மட்டும் இருந்தது. எண் 1 என்று ஒரு களம் அந்தப் பூங்காவிலேயே கிடையாது.

ஜான்ரோஸ் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் பேப்பருக்குள் இருந்த மனுஷனுக்கு இப்போதாவது ரோஷம் வந்ததே என்று ஞானபாய்க்கு ஒரு சின்ன ஆறுதல்.

"நீங்க இங்க இரிங்க. நான் செத்துட்டேன்னு சொன்னவன் பேரைக் கேக்காம இன்னைக்கு வீட்டுக்கு வர மாட்டேன்" என்று படியேறினாள்.

பீரோ திறந்திருந்தது. அஸ்வதி தடித்த ஃபைலை எடுத்து, தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஓரிடத்தில் நிறுத்தி, ஜன்னல் வழியே பெஞ்சைப் பார்த்தாள். பிறகு ஞானபாயைப் பார்த்தாள்.

"சொல்லு மக்கா. ஆரு அந்தப் பாவி?"

"உயிரோட இருக்கவங்க பேரை வைக்க முடியாதுன்னு நாலு மனுவைத் திருப்பி அனுப்பியிருக்கோம் மேடம், அஞ்சாவது மனுவுலதான், 'என் மனைவி மறைந்துவிட்டார்'னு ஜான்ரோஸ் சார் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு."