பூங்கொத்தோடு போன இரண்டாவது வரி

இந்த முறை கெஞ்சப் போவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். பத்தொன்பது வருஷ இல்லறத்தில் கெஞ்சிக் கெஞ்சி என் குரலே நிரந்தரமாகக் குழைந்துவிட்டது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சிநேகிதர்களோடு ஏரிக்கு மீன் பிடிக்கப் போயாக வேண்டும். அதற்கான அனுமதியைப் பூ கொடுத்து வாங்கப் போகிறேன்!

தெருமுனைப் பூக்கடைக்காரம்மா, சொன்ன இடத்துக்கே பூங்கொத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பார். முதல் நாளே போன் செய்தேன்.

"வெள்ளை ரோஜா பன்னிரண்டு. நாளைக்கு மத்தியானம், பல் டாக்டர் கிளினிக்ல வரவேற்புல உக்காந்திருக்கிறவங்களுக்கு."

"உங்களுக்கு யாரு சார் அவங்க?"

"மனைவி."

"என்ன தப்பு பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலைங்க!"

"அப்ப இனிமேதான் பண்ணப் போறீங்க. சரி, கார்டுல என்ன எழுத?"

"'என் உயிரே, நீ இல்லாமல் நான் இல்லை.'"

"கார்டை நாலு பேர் கேக்க வாசிச்சுட்டுத்தான் கையில குடுப்பேன். எங்க கடை வழக்கம். பரவாயில்லையா?"

"ரொம்ப நல்லதுங்க. ஊரே கேக்கட்டும்."

மறுநாள் மாலை வீட்டுக்குள் நுழைந்தேன். மனைவி ரோஜாக்களைத் தண்ணீர் ஜாடியில் வைத்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பாதி ஏரி எனக்கு அப்போதே தெரிந்தது.

"என்னங்க, எனக்குக் கண்ணே கலங்கிப் போச்சு. பல்லு பிடுங்க வாயைத் திறந்தவர் மூட மறந்துட்டார்னா பாருங்க."

"ஒரே ஒரு வரிக்கா?"

"அந்த வரி கெடக்கட்டும். ரெண்டாவது வரிதான் எல்லாரையும் அசத்திடுச்சு."

"ரெண்டாவது வரியா?"

கார்டை நீட்டினாள். 'வரும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சமையலறைக்கு நானே பெயின்ட் அடிக்கிறேன். இது உறுதி.' கீழே என் பெயர்.

கை கால் கழுவுகிற சாக்கில் குளியலறைக்குள் புகுந்து கடைக்குப் போன் போட்டேன்.

"நான் சொல்லாததை எப்படிங்க எழுதினீங்க?"

"ஆள் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோனா பூ வாடிடும் சார். அதனால எப்பவும் காலையில, பூ போய்ச் சேர வேண்டியவங்க இருப்பாங்களான்னு அந்த இடத்துக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டுக்குவேன். கார்டுல என்னன்னு அம்மா கேட்டாங்க. சொன்னேன். 'உயிரேன்னா எழுதியிருக்கார்?'னு ரெண்டு தடவை கேட்டாங்க. அப்புறம், 'அவர் ஒரு வரி விட்டுட்டார், சேத்துக்குங்க'ன்னாங்க. புருஷன் பொண்டாட்டி பேசி வெச்சதுன்னு நெனச்சேன்."

வெளியே வந்தேன். நான் எழுதவில்லை என்று சொல்லலாம். சொன்னால் பூ எதற்கு அனுப்பினேன் என்றும் சொல்ல வேண்டும். அவளோ ஒவ்வொரு ரோஜாவாகத் தொட்டுத் தொட்டுத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த முகத்தைப் பார்த்து எனக்கும் மனசு நிறைந்துதான் போயிற்று. ஆனாலும் ஆசை யாரை விட்டது?

"அது வந்து... ஏரிக்கு..."

"தெரியும். உங்க சிநேகிதர் வீட்டம்மா போன வாரமே சொல்லிட்டாங்க. நீங்க எப்ப கெஞ்சுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பூவெல்லாம் வரும்னு நெனக்கவே இல்லை."

"அவங்ககிட்ட என்ன சொல்றது? எனக்காக வண்டியில இடம் வெச்சிருக்காங்களே!"

"நானும் அதைத்தான் யோசிச்சேன். இடம் வீணாகக் கூடாது பாருங்க. அவங்க குடும்பத்தோட போறாங்களாம். எனக்கும் பெயின்ட் நெடி ஆகாது. அதனால நான் போறேன். உங்க தூண்டிலை எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். துடைத்தும் கொடுத்தேன்.

ஞாயிறு மாலை நான் ஏணி மேல் நின்று கடைசிச் சுவரை அடித்துக்கொண்டிருந்தபோது அவள் வாளி நிறைய மீனோடு வந்து இறங்கினாள். பத்து வருஷமாக அந்த ஏரியில் நான் பிடித்ததையெல்லாம் சேர்த்தாலும் அதில் கால் வாளி தேறாது.